முப்பத்தெட்டு சிவப்புப் புள்ளிகள்

என் பலகையைக் கழற்றிவிட்டுத்தான் அந்தக் காகிதத்தை ஒட்டினார்கள். இதைச் சொல்ல நேரும்போதெல்லாம் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். கேட்பவர்கள் காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். பலகையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்றில் அந்தத் தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்சாலை என்பது பெயர்ப்பலகையில். உள்ளே போனால் பட்டறைதான். காருக்குள் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒயரையும் குழாயையும் பிடித்து வைத்திருக்கும் சின்ன இரும்புப் பிடிகளைச் செய்கிறார்கள். ஆறு வேலைகள். தகட்டை வெட்டுவது, வளைப்பது, பற்றவைப்பது, துத்தநாக முலாம் பூசுவது, சரிபார்ப்பது, பெட்டியில் அடுக்குவது. ஐந்தாவது வேலை என்னுடையது. மற்ற ஐந்துக்கும் பல பேர் உண்டு. சரிபார்ப்புக்கு நான் ஒருவன்.

தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகுதான் இங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஒவ்வொரு மார்ச் முடிவிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். மேலாளர் ஒரு கையெழுத்துப் போடுவார், நான் ஒன்று போடுவேன், ஆளுக்கு ஒரு டீ. அந்த வருஷம் மட்டும், மார்ச்சுக்கு முன்பே நான் கேட்டபோது அவர், "ஆட்களுக்கு ஒரு பயிற்சி வைக்கப் போகிறோம், அது முடியட்டும் காகா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அங்கே எல்லோருக்கும் நான் காகாதான். மராத்தியில் சித்தப்பா என்று பொருள். பெரியப்பா வயது ஆகிவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஓய்வூதியம் வருகிறது. நிக்டியில் வீடு சொந்தம். சம்பளம் நின்றுபோனால் எங்கள் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடும் குறையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் இதைத்தான் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். ஆனால் இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உள்ள வீட்டில் காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு மனிதன் என்ன செய்வான்? கிடங்கிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் சும்மா இருந்து பார்த்தேன். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் கம்பிகளை எண்ணி முடித்தேன். சமையலறை டப்பாக்களை எண்ணி, மூடி இல்லாதவை நான்கு என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க வேலைக்குப் போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?" என்றாள் அவள்.

அப்படித்தான் கசார்வாடிக்குப் போனேன். அந்த ஒப்பந்தம் எனக்கு என்ன என்று மேலாளருக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.

இனி பலகை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே செய்தது. ஒட்டுப்பலகை ஒன்றில் இடப்பக்கம் நல்ல பிடிகள் பன்னிரண்டு, வலப்பக்கம் கெட்டவை பன்னிரண்டு. ஒவ்வொரு நல்லதற்கும் நேர் எதிரே அதே பிடியின் கெட்ட வடிவம். ஓரம் பிசிறு விட்டது, வளைவு தவறியது, முலாம் கொப்புளித்தது, முலாம் உரிந்தது. எழுத்து ஒன்றும் கிடையாது. பீகாரிலிருந்து வந்தவனும் லாத்தூரிலிருந்து வந்தவனும் தமிழனும் ஒரே பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புதிய ஆள் வந்தால் அதன் முன்னால் நிறுத்தி, "கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்" என்பேன். இரண்டு வரிசையையும் தடவிவிட்டு எது கெட்ட வரிசை என்று சரியாகச் சொன்னால்தான் அவனை இயந்திரத்தின் பக்கம் விடுவோம்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. மரியாதையான பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பெரிய பைகள் கொண்டுவந்தாள். பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று, நான்கு நிறத்தில் ஒட்டுச் சீட்டுகள், தடித்த பேனாக்கள், ஒட்டுப் புள்ளிகள் உள்ள தாள்கள். கூட்டாகக் கற்றுக்கொள்வது, அதையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதுதான் பயிற்சி. "பேச விட்டால் சத்தமாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார். சுவருக்கு எல்லோரும் சமம். அதனால் நாம் பேசாமல் சுவரில் காட்டப் போகிறோம்" என்று இந்தியில் சொன்னாள். நல்ல பேச்சு. கிடங்கில் எத்தனையோ கூட்டங்களில் சத்தம் ஜெயித்ததைப் பார்த்தவன் என்பதால் நான்கூடத் தலையாட்டினேன்.

காகிதத்தை எங்கே ஒட்டலாம் என்று கேட்டாள். பட்டறையில் இயந்திரம் மறைக்காத சுவர் ஒன்றே ஒன்று. அதில் என் பலகை இருந்தது.

"இது என்ன?" என்றாள்.

"பழைய சாம்பிள்" என்றார் மேலாளர்.

இரண்டு பேர் வந்து எட்டுத் திருகாணிகளையும் கழற்றினார்கள். பலகையைக் கருவி அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்கள். திருகாணிகளை என் கையில் கொடுத்தார்கள். எண்ணினேன். ஆறு.

"ரெண்டு எங்கே?"

"விழுந்திருக்கும் காகா. திருகாணிக்கா பஞ்சம்?" என்றான் ஒருவன்.

பயிற்சிக்குப் பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், என்னையும் சேர்த்து. முதலில், எங்கள் வேலையை ஒரு நதியாக வரையச் சொன்னாள் அந்தப் பெண். எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே பாறை தடுக்கிறது, எங்கே தேங்குகிறது என்று காட்ட வேண்டும். வெட்டு இயந்திரக்காரர்கள் இந்திராயணி ஆற்றையே வரைந்துவிட்டார்கள். படித்துறை, கோபுரம், கொடி பிடித்துக்கொண்டு போகிற வாரி யாத்திரைக் கூட்டம், ஏழு மீன்கள். வேலை எங்கே என்று கேட்டால், கூட்டத்தில் கடைசியாகப் போகிறவன் கையில் ஒரு இரும்புப் பிடி இருந்தது. பேக்கிங் ஆட்கள் வரைந்த நதியில் தொழிற்சாலையைவிட டீக்கடை பெரிது. நான் இரண்டு நேர்கோடு போட்டு, இடையில் ஆறு மதகுகள் வைத்து, ஒவ்வொரு மதகிலும் எவ்வளவு கழிவு நிற்கிறது என்று எண் எழுதினேன்.

"காகா, இது நதியா, மாநகராட்சிச் சாக்கடையா?" என்றான் வெல்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதுவரை பயிற்சி எனக்குப் பிடித்தே இருந்தது என்று சொன்னால் மனைவி நம்பவில்லை.

பிறகு அந்தப் பெண் எல்லா நதிகளையும் சேர்த்துச் சுவரில் ஒரே படமாக்கினாள். ஆறு வேலைக்கு ஆறு பெட்டி. அதற்கு வெளியே லாரி, மின்சாரம், வாடிக்கையாளர் என்று மூன்று பெட்டி. ஆக ஒன்பது. ஆளுக்கு மூன்று ஒட்டுப் புள்ளி. "எந்த இடத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து அதிகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அங்கே ஒட்டுங்கள். யாரும் பேசக் கூடாது. டீ குடித்துவிட்டு வந்து ஒட்டலாம்" என்றாள்.

புள்ளிகள் சிவப்பு.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "அம்மா, இந்த ஊர்ப் பட்டறைகளில் சிவப்பு ஒட்டினால் அது கழிவு. கூடையில் சிவப்பு வில்லை ஒட்டினால் அந்தச் சரக்கைக் கொண்டுபோய்க் காயலான் மூலையில் கொட்டிவிடுவார்கள். இவர்கள் யாரும் சிவப்பைப் பாடம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு நிறம் கொடு" என்றேன்.

"காகா, அது வெறும் நிறம்தானே. பச்சை இப்போது என்னிடம் இல்லை" என்றாள்.

டீ இடைவேளையில் எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். அங்கே வருகிற டீ சர்க்கரைப் பாகு. நான் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுபோகிறவன். அதனால் என் மேசையிலேயே குடித்தேன். குழாயடியில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

திரும்பி வந்து வரிசையாகப் போய் ஒட்டினார்கள். பரீட்சை எழுதப் போகிறவர்கள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது, அந்தப் பெண் கேட்டதைத்தான் செய்தேன். கழிவாகத் திரும்புகிற ஒவ்வொரு பத்துப் பிடியிலும் ஏழு, முலாம் உரிந்தது. நானே ஒட்டுநாடா ஒட்டி, வெடுக்கென்று பிய்த்துப் பார்க்கிறேன், நாடாவோடு முலாமும் வந்துவிடுகிறது. அமிலத் தொட்டியிலிருந்து எடுத்த பிடியைத் தண்ணீரில் நன்றாக அலசாமல் முலாம் தொட்டியில் இறக்கினால் அப்படித்தான் வரும். என் மூன்று புள்ளிகளையும் முலாம் பெட்டியில் ஒட்டினேன்.

எல்லோரும் ஒட்டி முடித்ததும் அந்தப் பெண் சுவரைப் பார்த்து, "அருமை, எவ்வளவு தெளிவாக இருக்கிறது" என்றாள். அவள் எண்ணவில்லை. நான் எண்ணினேன். மொத்தம் ஐம்பத்து நான்கு. சரிபார்ப்புப் பெட்டியில் முப்பத்தெட்டு. இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அம்மை போட்டதுபோல இருந்தது. லாரியில் ஆறு, வாடிக்கையாளரில் நான்கு, மின்சாரத்தில் மூன்று. முலாமில் என்னுடைய மூன்று. வெட்டு, வளைப்பு, பற்றவைப்பு, பேக்கிங் எல்லாம் சுத்தம்.

படத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது போதும். வேறு மனிதன் நிற்கிற பெட்டி எதிலும் அவர்கள் ஒட்டிய புள்ளி இல்லை. லாரிக்குக் குடும்பம் இல்லை, மின்சாரத்துக்குக் குடும்பம் இல்லை. மீதி எல்லாம் என் மேல். ஆனால் சுவரைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வந்தவளுக்கு அது தெரியவில்லை. மேலாளர் கைபேசியை எடுத்து இரண்டு படம் பிடித்து, அங்கேயே நின்றபடி முதலாளிக்கு அனுப்பினார்.

மாலை லோக்கல் ரயிலில் எனக்குப் பக்கத்தில் முலாம்காரன் வந்து உட்கார்ந்தான். அந்தத் தொழிற்சாலையில் என்னைத் தவிர்த்தால் அவன் ஒருவன்தான் தமிழன். நாற்பதைத் தாண்டியவன். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து தேஹு ரோடுக்கு வந்த குடும்பம். நான் ஆகுர்டியில் இறங்குவேன், அவன் அடுத்த ஸ்டேஷன். பல வருஷமாக ஒரே பெட்டி.

"இன்னா சார், மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறீங்க?"

"முப்பத்தெட்டு" என்றேன்.

"எண்ணிட்டீங்களா? எண்ணாம எப்டி இருப்பீங்க."

"உன்னோட மூணும் அதுல இருக்கா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிம்ப்ரி வந்து, போனது.

"இருக்கு சார்."

"ஏன்?"

"டீ குடிக்கிறப்ப பேசினோம். பக்கத்து சந்துல இருக்குதே கம்பெனி, அங்கயும் இதே மாதிரி காயிதம் ஒட்டினாங்களாம். எங்க புள்ளி ஜாஸ்தியோ அங்க ஆள எடுத்துட்டாங்களாம். நம்ம வளைக்கிற பிரஸ்காரன் மச்சான் அப்டிதான் வெளிய வந்தான். ஆளுக்கு மூணு புள்ளி குட்த்துட்டாங்க, எங்கயாச்சும் ஒட்டித்தானே ஆவணும்? லாரி மேல கொஞ்சம், கரண்டு மேல கொஞ்சம். மொத்தமும் அங்கயே ஒட்டினா மேடத்துக்கு டவுட்டு வந்துடும். உங்களுக்கு பென்சன் வருது சார். மத்தவனுக்கு இன்னா வருது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

சிஞ்ச்வட்டில் கூட்டம் ஏறியது. நெருக்கி உட்கார்ந்தோம். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், சுற்றி ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்றாலும்.

"நீங்க மட்டும் இன்னா சார். எங்க தொட்டி மேல மூணு புள்ளி. யாரு வச்சதுன்னு தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஸ்கேல் புடிச்சி ஒட்டினா மாதிரி, நேரா, நடுவுல ஒரே அளவு கேப் வுட்டு. ஃபேக்டரில வேற எவன் அப்டி ஒட்டுவான்?"

"அங்க தப்பு இருக்கு. ஒட்டினேன்."

"தப்பு இருந்தா எங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொல்லலையா? அலசாம இறக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"எங்கிட்ட சொல்றது வேற சார். செவுத்துல ஒட்டறது வேற."

ஆகுர்டியில் இறங்கினேன். "காலைல பாக்கலாம் சார்" என்றான், எல்லா நாளும் சொல்வதுபோலவே. அவன் கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வீட்டில் சொன்னேன். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவங்க இடத்துல நான் இருந்தாலும் உங்க மேலதான் ஒட்டியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்காக வீட்டுல உட்கார்ந்துடாதீங்க. போய்க் கேளுங்க" என்றாள்.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்க நேரமில்லாத மனிதர். உட்காரச் சொன்னார். கைபேசியில் அந்தப் படத்தையே எடுத்துக் காட்டச் சொல்லி, பெட்டி பெட்டியாக விளக்கினேன். லாரியில் ஒட்டியது தப்பிக்க ஒட்டியது, மின்சாரத்தில் ஒட்டியதும் அப்படியே. என் பெட்டியில் இருப்பது வேலையைப் பற்றிய கருத்து இல்லை, என் ஓய்வூதியத்தைப் பற்றிய கருத்து என்றேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

"முலாமில் மூன்று இருக்கிறதே காகா?"

"அது நான் வைத்தது."

"ஆக, பதினேழு பேர் பொய். நீங்கள் ஒருவர் நிஜம்."

"ஆமாம்."

அவர் சிரித்துவிட்டார். கழிவுக் கணக்கைச் சொன்னேன், பத்தில் ஏழு என்று.

"அந்தக் கணக்கை எடுப்பது யார்?"

"நான்தான்."

"அதுதான் காகா சிக்கல். உங்கள் கணக்கு ஒரு ஆள் கணக்கு. இது பதினெட்டுப் பேர் கணக்கு." பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "சரி, இன்னொரு தடவை ஒட்டச் சொல்லலாம். உங்களுக்கும் திருப்தி" என்றார்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். மேலாளர் நான் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு அதில் ஒரு பகுதிதான் பிடித்திருந்தது. "காகா சொன்னது சரி. லாரி, மின்சாரம், வாடிக்கையாளர் மூன்றும் நம் கையில் இல்லாதவை. அதில் ஒட்டினால் தப்பித்துக்கொள்வதாகும்" என்று சொல்லி, அந்த மூன்று பெட்டியையும் காகிதத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டாள். முன்பு ஒட்டிய புள்ளிகளில் மற்றவர்களுடையதை எல்லாம் பிய்த்தாள். "காகாவுடையது இருக்கட்டும், அவர் கருத்து நமக்குத் தெரிந்துவிட்டது" என்று என் மூன்றை விட்டுவைத்தாள். "அவர் முன்னால் நின்றால் மற்றவர்களுக்குத் தயக்கமாக இருக்கும்" என்று என்னை வெளியே உட்காரச் சொன்னாள்.

காவல்காரன் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அப்போது இருந்தது ஆறு பெட்டி. அதில் ஐந்தில் அவர்கள் நிற்கிறார்கள். ஓடிப்போக மூன்று வழி இருந்தது, அந்த மூன்றையும் நான்தான் மேலாளர் அறையில் உட்கார்ந்து விரல்விட்டுக் காட்டி அடைத்திருந்தேன். இதைக் கணக்குப் போட எனக்கு எண்ணத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். பதினேழு பேர், ஐம்பத்தொரு புள்ளி. என் பெட்டியில் நாற்பத்தொன்பது. முலாமில் என் மூன்றுக்குக் கீழே புதிதாக இரண்டு, கோணல்மாணலாக. அந்த இரண்டு யாருடையது என்று அப்போது தெரியவில்லை. யாரோ கை தவறி ஒட்டியது என்று நினைத்தேன்.

"குழு ஒரே குரலில் பேசுகிறது" என்றாள் அந்தப் பெண். குழு அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்வது என்று முடிவானது. அது புதிய முறை என்றார்கள். தனியாகச் சரிபார்க்க ஆள் தேவையில்லை. மார்ச் முடிவில் மேலாளர் இரண்டு டீ வரவழைத்தார். கையெழுத்துக்குக் காகிதம் எதையும் எடுக்கவில்லை.

பிரிவுபசாரம் அந்தச் சுவருக்கு முன்னாலேயே நடந்தது. சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். சமோசா இருபது சொல்லியிருந்தார்கள், பத்தொன்பது வந்தது. பயிற்சிப் பெண்ணும் வந்திருந்தாள். என்னைப் பற்றி எல்லோரும் ஆளுக்கு ஒரு வண்ணச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும் என்றாள். பதினேழு சீட்டு. அதில் பதினொன்று ஒரே கையெழுத்து, பேக்கிங் ஆட்களில் ஒருவனுடையது. எழுதக் கூச்சப்பட்டவர்களுக்கெல்லாம் அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். பதினொன்றிலும் மராத்தியில் 'நல்ல மனிதர், நேரம் தவறாதவர்' என்று ஒரே வரி.

பிறகு யாராவது பேசலாம் என்றார் மேலாளர். வெல்டர் மாநகராட்சிச் சாக்கடையை மறுபடி சொல்லிச் சிரிக்க வைத்தான். அடுத்து முலாம்காரன் எழுந்தான்.

"நான் தமிழ்லயே பேசறேன்" என்று இந்தியில் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கம் திரும்பி, ஒலிபெருக்கியில் வரவேற்புரை படிக்கிறவன்போல விறைப்பாக நின்றுகொண்டு பேசினான்.

"சார், நீங்க மொதல்ல வச்ச மூணு புள்ளி கரெக்டு சார். கோளாறு எங்க தொட்டிலதான். அலச நேரம் குடுக்காம மேல இருந்து அட்சிக்கினே இருந்தா நான் இன்னா பண்றது. ரெண்டாவது வாட்டி அந்த ரெண்டு புள்ளி நான்தான் வச்சேன். மூணாவதையும் கைல வச்சிக்கினு நின்னேன் சார். தெம்பு வரல. ஊட்ல மூணு பேரு கீறாங்க. போய்ட்டு வாங்க சார்."

பலத்த கைதட்டல். பேக்கிங் ஆள் ஒருவன் விசில் அடித்தான்.

"என்ன சொன்னார் காகா? எங்களுக்கும் சொல்லுங்கள்" என்றார் மேலாளர்.

நான் சமோசாத் தட்டைக் கீழே வைத்தேன். ஒரு வார்த்தை கூட்டாமல் இந்தியில் சொன்னேன். கோளாறு முலாம் தொட்டியில்தான் என்கிறார். அலசுவதற்கு நேரம் கொடுக்கவில்லை என்கிறார். நான் ஒட்டியது சரி என்கிறார். புள்ளியைப் பற்றி மட்டும், அந்த இரண்டைப் பற்றி, சொல்லவில்லை. அதை அவன் மேலாளருக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னான்.

ஒரு கணம் எல்லோரும் முலாம்காரனைப் பார்த்தார்கள். பிறகு மேலாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். "போகும்போதுகூட விட மாட்டேன் என்கிறாரே காகா, வாழ்த்தையும் தன் கணக்காக மாற்றிவிட்டாரே" என்றார். பட்டறையே சிரித்தது. பயிற்சிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முலாம்காரனும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் கருவி அலமாரிக்குப் பின்னால் போய்ப் பலகையை எடுத்தேன். தூசியைத் துடைத்துப் பார்த்தேன். இருபத்து நான்கும் இருந்தன. சால்வை தோளில், தேங்காய் பையில், பலகை கக்கத்தில் என்று வாசலுக்குப் போனேன். காவல்காரன் எழுந்து சலாம் வைத்துவிட்டு, "கேட் பாஸ் காகா?" என்றான்.

"இது நான் செய்த பலகை."

"மேலே இருக்கிற பிடி கம்பெனியுடையது காகா. பாஸ் இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது. நீங்கள்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்."

உண்மைதான். நான்தான் சொல்லியிருந்தேன். மேலாளர் ஸ்கூட்டரில் போய்விட்டிருந்தார். பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வெட்டுக்காரர்கள் போனார்கள், வளைப்புக்காரர்கள் போனார்கள், ஒவ்வொருவராக "போய் வருகிறோம் காகா" என்றார்கள். கடைசியில் முலாம்காரன் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். நடந்ததைக் கேட்டுக்கொண்டான்.

"எங்க தொட்டிகிட்ட மாட்டிக்கட்டுமா சார்?"

"அங்க அமில ஆவி. ஒரு மழைக்காலம் தாங்காது. நல்லதும் கெட்டதும் ஒண்ணா துருப்பிடிச்சுடும். அப்புறம் எது எதுன்னு எவனுக்கும் தெரியாது."

"அதுவரிக்கும் தெரியும்ல?"

அவன் டப்பாவைக் காவல்காரனின் நாற்காலியில் வைத்துவிட்டு, என் கக்கத்திலிருந்து பலகையை வாங்கிக்கொண்டான்.

"எட்டுத் திருகாணி வேணும்" என்றேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் எண்ணி வைத்தேன். ஆறு. "மீதி ரெண்டு உள்ளதான் எங்கயோ விழுந்து கிடக்கு. தேடிப் பாரு."